தூங்குகிற கிழங்கு

எங்கள் வீட்டில் கேட்டுக்கும் லோங்காங்குக்கும் நடுவே நாலு பாய் விரிக்கும் அளவுக்கு மண் இருக்கிறது. தாமான் வீட்டில் அதுவே அதிகம். அதை நான் 'தோட்டம்' என்று சொன்னால் அம்மா சிரிப்பார். அவர் பிறந்தது குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் என்றால் அவருக்கு நிரை பிடித்து மரம் வெட்டுகிற இடம். பூச்செடி வைப்பது வாசலில்.

அந்த வாசலில்தான் 3 வருடத்துக்கு முன் துலிப் பூக்க வைக்கிறேன் என்று கிளம்பினேன். இணையத்தில் 10 கிழங்கு வாங்கினேன். ஏறக்குறைய 3 மாதம் குளிரில் கிடந்தால்தான் துலிப் ஒழுங்காகத் தண்டு நீட்டிப் பூக்கும். ஜொகூர் பாருவோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைதான் வடக்கே. பனிக்கு எங்கே போவது? ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன், ஆப்பிளுக்குப் பக்கத்தில். பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டை உள்ளேயே கருக்கிவிடும் என்று பிற்பாடுதான் படித்தேன். நாலு கிழங்கில் இலை வந்தது, பூ ஒன்றிலும் இல்லை. "வெங்காயமா இருந்தா சாம்பாருக்காவது ஆகியிருக்கும்" என்றார் அம்மா.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், 2012இல் திறந்த கண்ணாடிக் கூடத்துக்குள் குளிரூட்டி, துலிப் கண்காட்சி வைக்கிறார்கள். அவர்கள் மின் கட்டணம் கட்டுகிறார்கள். நமக்குக் கட்டுபடியாகாது.

கிழங்கு என்பது செடி பஞ்சத்துக்குக் கட்டிவைத்த மூட்டை. பனியோ வறட்சியோ வந்தால் மேலே இருப்பதெல்லாம் காய்ந்துவிடும். கீழே அந்த மூட்டையை வைத்துக்கொண்டு செடி தூங்கும். நம் ஊரில் அந்தப் பஞ்சம் வருவதில்லை. வருடம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம். மழையில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. வருடக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வேறு. 2006 டிசம்பரில் கோத்தா திங்கி மூழ்கியதை யார் மறப்பார்கள்? தூங்கப் போன கிழங்கு இந்த ஈரத்தில் அழுகிவிடுகிறது. அதனால் நர்சரிக்குப் போனால் நிறம் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது, இது தூங்குகிற வகையா, தூங்காத வகையா என்று.

தூங்காத வகைக்குக் கவலையே இல்லை. கல்வாழை, ஹெலிகோனியா, லோங்காங் ஓரத்தில் தண்ணீர் நின்றாலும் தாங்குகிற வெள்ளை ஸ்பைடர் லில்லி. வீட்டுக்குப் பின்னால் கந்தான் வைத்திருக்கிறேன். அது இரண்டு ஆள் உயரம் போகும், முன்வாசலுக்கு ஆகாது. பூத்தண்டு மட்டும் இலைத்தண்டைவிட்டுத் தள்ளி, தரையிலிருந்து தனியே கிளம்பும். அதை விரியவிட்டுப் பார்க்க எனக்கு ஆசை. பக்கத்து வீட்டு மாக்சிக் மொட்டிலேயே கேட்டு வாங்கிப் போய்விடுகிறார், அசாம் பெடாஸுக்கு. சாயங்காலம் ஒரு கிண்ணம் குழம்பு வரும்போது பூ போனது மறந்துவிடுகிறது.

தூங்குகிற வகையில் இரண்டை மட்டும் விட மனம் வரவில்லை. ஒன்று சம்பங்கி. மலாய்க்காரர்கள் இதை 'செடாப் மாலாம்' என்பார்கள், இராத்திரியில் மணப்பது. நமக்குக் கோயில் மாலையில் வருகிற பூ, ஆனால் பூர்வீகம் மெக்சிகோ. செம்மண்ணோடு மணலைக் கலந்து மேடு கட்டித்தான் நட வேண்டும்.

இன்னொன்று செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற பூக்களில் முதல் பூ, தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும். முளை அதன் நுனியில். கை தவறி நுனி உடைந்தால் கதை முடிந்தது. நான் ஒன்றை அப்படித் தொலைத்தேன். பூத்து முடித்துக் கொடி மஞ்சளானதும் சாடியைத் தூக்கிக் கார் நிற்கும் கூரைக்கடியில் வைத்து, இரண்டு மாதம் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்ட மாட்டேன். தமிழ்நாட்டில் கோடை வெயில் செய்கிற வேலையை இங்கே அந்தத் தகரக் கூரை செய்கிறது. செடி முழுக்க விஷம், கிழங்கில் கோல்ச்சிசின் நிறைய. பேரப்பிள்ளைகள் வருகிற நாளில் சாடி உயரத்துக்குப் போய்விடும். எந்தச் சாடிக்கும் அடித்தட்டு வைப்பதில்லை. ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது, பிடிபட்டால் அபராதமும் உண்டு.

மழை லில்லிக்கு மட்டும் நான் எதுவுமே செய்வதில்லை. சீனப் பெருநாளை ஒட்டிச் சில நாள் வெயில் காயும். பிறகு ஒரு மாலை இடியோடு கொட்டும். மூன்று நாலு நாளில், புல்லென்று நினைத்துக் கிடந்ததெல்லாம் இளஞ்சிவப்பாக விரிந்து நிற்கும். ஒரு பூ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். இந்தச் செவ்வாய்க்கிழமை அப்படி விரிந்தது. அம்மா பசியாறலைத் தள்ளிப் போட்டுவிட்டு, லோங்காங் மூடிமேல் நாற்காலி போட்டு எண்ணினார். 37. நான் எண்ணியபோது 36 தான் வந்தது. "நீ சரியாப் பார்க்கல" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.