சங்ககிரிக்குத் தெற்கே வேறு கணக்கு

2021 மே 2ஆம் தேதி எடப்பாடி கே. பழனிசாமி தன் சொந்தத் தொகுதியில் 93,802 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்றைக்கே முதலமைச்சர் நாற்காலியும் கையைவிட்டுப் போனது. மாநிலம் முழுக்க திமுக கூட்டணிக்கு 159 இடம், அதிமுக கூட்டணிக்கு 75. ஆனால் அவருடைய சேலம் மாவட்டத்தின் முடிவை மட்டும் பார்த்தவருக்கு ஆட்சி மாறியதாகவே தோன்றியிருக்காது. 11 தொகுதிகளில் 10 அதிமுக கூட்டணிக்கு. திமுகவுக்குக் கிடைத்தது சேலம் வடக்கு ஒன்றுதான்.

அமெரிக்க மாநிலங்களில் கவர்னரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவியில் இருக்கும் கவர்னர் மறுபடி நின்றால் மாநிலம் மொத்தமும் அவர் பெயருக்கு எதிரே முத்திரை குத்தலாம், குத்தாமலும் விடலாம். நம் ஊரில் கவர்னர் டெல்லியிலிருந்து வருகிறவர். ஆட்சி நடத்தும் முதல்வரின் பெயரோ 234 தொகுதிகளில் ஒன்றில் மட்டும்தான் இயந்திரத்தில் இருக்கும். 2017 பிப்ரவரியில் பழனிசாமியைப் பதவியேற்க அழைத்தவர் அப்போது பொறுப்பு கவர்னராக இருந்த வித்யாசாகர் ராவ். இரண்டு நாள் கழித்துச் சட்டசபையில் 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பு முடிந்தது. அதாவது நான்காண்டு ஆட்சிக்கு மக்கள் முதன்முதலாகக் கணக்குக் கேட்டது 2021இல்தான். அது பெயரளவில் மறுதேர்தல். அவரைப் பொறுத்தவரை முதல் தேர்தல்.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு மாநிலத்தை ஆண்டவர்கள் புதிதல்ல. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதன்மை அமைச்சர். 1930 தேர்தலில் நீதிக்கட்சி வென்றதும் எதிர்வரிசைக்குப் போனார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி இரண்டு முறை ஆட்சிக்கு வந்தார், ஆனால் 1937இல் பல்கலைக்கழகத் தொகுதி வழியாக, 1952இல் மேலவை நியமனம் வழியாக. சுப்பராயன் காலத்தில் சொத்து உள்ளவர்களுக்கே ஓட்டு. ஆக, தறி ஓட்டுபவரும் மரவள்ளி நடுபவரும் ஓட்டுப் போடும் தேர்தலில், பதவியில் இருக்கும் முதல்வர் ஒருவர் இந்த மண்ணில் நின்றது 2021இல்தான் முதல் முறை.

அதனால்தான் பிரசாரம் கட்சியைவிட ஊர்ப் பாசத்தை நம்பியது. 2020 டிசம்பர் 19ஆம் தேதி, தேர்தல் தேதிகூட அறிவிக்கப்படாத நேரத்தில், நங்கவள்ளி பக்கம் பெரியசோரகை சென்றாயப் பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பழனிசாமி கிளம்பினார். மேடைக்கு மேடை தன்னை விவசாயி என்று சொல்லிக்கொண்டார். சிலுவம்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அந்தப் பேச்சுக்கு எடப்பாடியில் தனி விளக்கம் தேவைப்படவில்லை.

பேச்சோடு நிற்கவில்லை, காட்டுவதற்குச் சாமானும் இருந்தது. சேலம் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம், தலைவாசலில் கால்நடைப் பூங்கா, மேட்டூர் உபரி நீரை நீரேற்றி 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோக 565 கோடி ரூபாயில் திட்டம். இந்தக் கடைசித் திட்டத்தை டெல்டா விவசாய அமைப்புகள் சில எதிர்த்தன. காவிரித் தண்ணீரில் புதிதாகப் பங்கு கேட்பதாக அவர்கள் பார்த்தார்கள். மேட்டூர் அணையைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டு, அடுத்த ஊரில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பிழைக்கும் ஓமலூர், எடப்பாடி, சங்ககிரிக்காரர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. அணை கட்டிய நாள் முதல் தண்ணீர் தங்களைத் தாண்டியே போகிறது என்ற ஆதங்கம் இங்கே பழையது. வேடிக்கை என்னவென்றால், காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகும் என்ற அறிவிப்பையும் பழனிசாமி வெளியிட்டது 2020 பிப்ரவரியில் தலைவாசல் விழாவில்தான்.

தேர்தல் நெருங்க நெருங்க அறிவிப்புகள் வேகம் பிடித்தன. 2021 பிப்ரவரி 5இல் கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி. பிப்ரவரி 26இல் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியது. தேர்தல் ஆணையம் தேதி அறிவித்ததும் அதே நாளில். அந்தச் சட்டத்தை நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அடுத்த மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் ஏப்ரல் 6ஆம் தேதி வரிசையில் நின்றவர்களுக்கு அது கையில் இருந்த சட்டம்.

இனி 93,802க்கு வருவோம். 2016இல் எடப்பாடியில் பழனிசாமிக்கு விழுந்தது 98,703 ஓட்டு. தனியாக நின்ற பாமகவின் அண்ணாதுரைக்கு 56,681, திமுகவுக்கு 55,149. அதிமுகவின் ஓட்டையும் பாமகவின் ஓட்டையும் கூட்டினால் 1,55,384. 2021இல் பாமக கூட்டணியோடு நின்ற பழனிசாமிக்கு விழுந்தது 1,63,154. நான்காண்டு முதல்வர், இத்தனை கோடித் திட்டங்கள், ‘நம்ம ஊர்க்காரரு’ என்ற பெருமை எல்லாம் சேர்ந்து பழைய கூட்டலுக்கு மேல் கொடுத்தது எட்டாயிரத்துக்கும் குறைவு. தோற்ற திமுகவின் டி. சம்பத்குமாரும் தன் கட்சியின் பழைய எண்ணிக்கையை 69,352 ஆக உயர்த்தியிருந்தார்.

ஊர்ப் பாசம் மட்டும் போதாது என்பது பழனிசாமிக்கே நன்றாகத் தெரிந்த பாடம். 1989இல் சேவல் சின்னத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தவர், 1991இல் மறுபடி வந்தார். 1996இல் இதே தொகுதி பாமகவுக்குப் போனது. 2001இலும் பாமக, அதுவும் அதிமுகவின் கூட்டாளியாக. 2006இல் பழனிசாமி நின்றபோது பாமக திமுக பக்கம் இருந்தது. சொந்த ஊர்க்காரர் பாமகவின் காவேரியிடம் தோற்றார். எடப்பாடி என்ற பெயர் இன்று ஒரே மனிதரைக் குறித்தாலும், பதினைந்து ஆண்டுகள் அது பாமகவின் மாம்பழச் சின்னத் தொகுதி.

அப்படியானால் எல்லாம் கூட்டணிக் கணக்குதானா? அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2019 நாடாளுமன்றத் தேர்தலிலும் இதே பாமக, இதே பாஜக, இதே அதிமுக ஒன்றாகத்தான் நின்றன. சேலத்தில் திமுகவின் எஸ்.ஆர். பார்த்திபன் 1,46,926 ஓட்டில் ஜெயித்தார். கூட்டல் அப்போது பலிக்கவில்லை, இரண்டே ஆண்டில் பலித்தது. நடுவில் மாறியது என்ன? 2019இல் ஓட்டு மோடிக்கா இல்லையா என்று இருந்தது. 2021இல் முதல்வர் சேலத்துக்காரராகத் தொடர்வதா வேண்டாமா என்று மாறியது. இயந்திரத்தில் அவர் பெயர் இல்லாத மற்றப் பத்துத் தொகுதிகளிலும் அவர் பெயர் இருப்பதாக நினைத்தே ஜனங்கள் பொத்தானை அழுத்தினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. பாமக ஓட்டு அடித்தளம். அந்த ஓட்டை இம்முறை சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தது முதல்வர் என்ற தகுதியும், கடைசி நிமிட உள் ஒதுக்கீடும். அப்படியும் மேட்டூரில் பாமக கரையேறியது வெறும் 656 ஓட்டில்.

எட்டு வழிச்சாலையை இங்கே மறக்க முடியாது. சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் சாலைக்காக 2018இல் நிலத்தில் கல் நட்டபோது பெண்கள் வயலில் விழுந்து அழுதார்கள், போலீஸ் தூக்கிப்போனது. விவசாயி முதல்வர் விவசாய நிலத்தை எடுக்கிறார் என்ற கோபம் 2019இல் தெரிந்தது. அந்தச் சாலையை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் அன்புமணி ராமதாஸும் ஒருவர். தேர்தலில் அவர் கட்சி அதே முதல்வரோடு கைகோத்தது. நிலமெடுப்பை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில், புதிதாக அறிவிக்கை வெளியிட்டு நிலம் எடுக்கலாம் என்றது. அதற்குள் கல் நட்ட சூடு ஆறிவிட்டிருந்தது. 2021 முடிவில் அந்தக் கோபத்தின் தடயத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சங்ககிரியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருச்செங்கோடு. அதே விசைத்தறிச் சத்தம், அதே கொங்குப் பேச்சு. முடிவு மட்டும் நேர்மாறு. 2016இல் நாமக்கல் மாவட்டத்தின் 6 தொகுதிகளில் 5ஐ வென்ற அதிமுகவுக்கு 2021இல் மிஞ்சியது 2: பி. தங்கமணியின் குமாரபாளையம், எஸ். சேகரின் பரமத்தி வேலூர். ராசிபுரத்தில் அமைச்சர் வி. சரோஜாவே 1,952 ஓட்டில் திமுகவின் மதிவேந்தனிடம் தோற்றார். திருச்செங்கோட்டில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் ஈ.ஆர். ஈஸ்வரன் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். நாமக்கல்லுக்கும் இதே முதல்வர் மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். இருந்தும் கோழிப்பண்ணைக்காரரும் லாரிக்காரரும் அவரைப் பக்கத்து மாவட்டத்து முதல்வராகவே பார்த்தார்களோ என்னவோ. பாமகவுக்கு இங்கே சேலம் அளவு வேரில்லை. கொங்கு ஓட்டில் ஒரு பங்கை ஈஸ்வரன் கட்சி எதிரணிக்குக் கொண்டுபோனது. ஆயிரம், இரண்டாயிரத்தில் தொகுதி கைமாறும் இடத்தில் அது போதும்.

தமிழ்நாட்டில் பதவியில் இருந்தபடியே தேர்தலைச் சந்தித்தவர்களின் வரலாறு பொதுவாகக் கசப்பானது. 1967இல் முதல்வர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தோற்றார். 1996இல் ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியைத் தக்கவைத்த பிறகு, அடுத்து அதைச் செய்தது 2016இல் ஜெயலலிதாதான். இந்த வரிசையில் பழனிசாமியின் இடம் விசித்திரமானது: ஆட்சி போயிற்று, சொந்த மாவட்டம் அசையவே இல்லை. தோற்ற எட்டாவது நாள், மே 10இல், எதிர்க்கட்சித் தலைவராகத் தேர்வானதற்குச் சேலமும் கோவையும் கொடுத்த எண்ணிக்கைதான் பலம். கோவை மாவட்டத்தின் பத்தும் அவர் அணிக்கே.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் பாமக அதிமுகவை விட்டுப் பாஜக அணிக்குப் போய்விட்டது. சேலத்தில் அதிமுகவின் விக்னேஷ் திமுகவின் டி.எம். செல்வகணபதியிடம் 70,357 ஓட்டில் தோற்றார். பாமக வேட்பாளர் வாங்கியது 1,27,000க்கும் மேல்.