பச்சைப் புள்ளி சொல்லும், சர்க்கரை சொல்லாதா?

2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கெல்லாம் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தக் குளிர்பானத்தில், எந்த நொறுக்குத்தீனியில் எவ்வளவு சர்க்கரை, ஒரு நாளைக்கு எவ்வளவு போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பலகை. நல்ல காரியம்தான். ஆனால் மக்களே, பலகை பள்ளிக்கூடச் சுவரில்; பாக்கெட் கடையில். எட்டு வயசுப் பிள்ளை நடுவில் நின்று கணக்குப் போட வேண்டுமாக்கும்!

"ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை சார்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வருஷத்தில் பாதி நாள் அம்மா எங்களோடு இங்கே புனேயில்தான். தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். கிரானாக் கடையில் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தால் முன்னால் கோதுமைக்கதிர், தேன், ஒரு டம்ளர் பால். சர்க்கரைக் கணக்கு பின்னால், கடுகு சைஸில், ஆங்கிலத்தில். ஆங்கிலம் அல்லது தேவநாகரியில் இந்தி இருந்தால் போதும் என்பது 2020ஆம் வருஷத்து லேபிள் விதி. மற்ற மொழியெல்லாம் கம்பெனிக்காரன் இஷ்டம். இதில் அம்மாவுக்கா விழிப்புணர்வு இல்லை?

(அந்தக் கடுகைப் படிக்க முடிந்தவர்களுக்கு: 100 கிராமில் 30 கிராம் சர்க்கரை என்றிருந்தால், டீஸ்பூனுக்கு 4 கிராம் வீதம் ஏழரை டீஸ்பூன். ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை :))

அதே அம்மா, பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் சைவம் என்று சொல்லிவிடுவார். 2001இல் வந்த புள்ளி. வகுப்பும் இல்லை, கருத்தரங்கும் இல்லை, எழுத்துகூடத் தேவையில்லை. முட்டை இல்லை என்பதைச் சொல்ல ஒரு புள்ளி போதுமென்றால் சர்க்கரைக்கு ஏன் கூடாது?

சிலி நாட்டில் 2016லேயே 'சர்க்கரை அதிகம்' என்று கறுப்பு எண்கோணத்தை முன்பக்கம் ஒட்ட வைத்துவிட்டார்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 வரைவில் நீட்டியது நட்சத்திரம்! நட்சத்திரம் என்றால் நம்மூரில் பரிசு ஐயா. அதிலும் சர்க்கரைக்குக் குறைத்த மதிப்பெண்ணை நார்ச்சத்து, பருப்பு, பழம் என்று காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எச்சரிக்கையா இது? முன்பக்க லேபிள் விதியை மூன்று மாதத்தில் முடியுங்கள் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த மூன்று மாதம் எப்போதோ போயாச்சு.

"அப்போ உங்க தீபாவளி மைசூர்பாகுக்கு எத்தனை எண்கோணம்?" என்கிறார் தங்கமணி. தாராளமாக ஒட்டட்டும். மைசூர்பாகு எந்தக் காலத்திலும் தன்னைச் சத்துணவு என்று சொல்லிக்கொண்டதில்லை.