உறுதி இல்லாத நிலமும் உழவர் நிலமே

1930களில் ஐக்கிய அமெரிக்காவின் சமவெளிகளில் வீசிய புழுதிப் புயல்கள், மண்ணைக் காப்பது அரசின் கடமையும் ஆகும் என்பதை அந்நாட்டுக்கு உணர்த்தின. 1935இல் மண் பாதுகாப்புச் சேவை நிறுவப்பட்டது. எளிதில் அரிப்புக்குள்ளாகும் நிலத்தைப் பயிரிடாது புல்லும் மரமும் வளர்க்க உடன்படுவோருக்கு, 10 முதல் 15 ஆண்டுகள் வரை ஆண்டு வாடகை வழங்கும் திட்டம் 1985இல் சட்டமாயிற்று. 2007இல் 3.6 கோடி ஏக்கருக்கும் அதிகமான நிலம் இத்திட்டத்தில் இருந்தது. மண்ணும் பறவைகளும் இதனால் பயன்பெற்றன என்பதில் ஐயமில்லை. இதன் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே இங்கு எழும் வினா.

இவ்வுதவிகளை நாடும் உழவர், தமது கவுண்டியிலுள்ள விவசாயத் திணைக்கள அலுவலகத்தில் பண்ணை எண் ஒன்றைப் பெற வேண்டும். அதற்கு நிலம் தம் பொறுப்பிலுள்ளதென்பதைக் காட்டும் ஆவணம் வேண்டும். தென் மாநிலங்களின் கறுப்பின உழவர் குடும்பங்கள் பலவற்றிடம் இல்லாதது அதுவே. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட தலைமுறையினர் வாங்கிய நிலம், மரணசாசனம் எழுதப்படாமையால், பங்கிடப்படாமலே பேரப்பிள்ளைகள் வரை இறங்கிவந்தது. வெள்ளையரின் நீதிமன்றங்களை நம்பாதோர் சட்டத்தரணியை நாடாமல் விட்டதில் வியப்பென்ன? உழுபவர் ஒருவர், கையொப்பமிட வேண்டியோர் இருபது பேர். அவர்களுள் சிலர் சிக்காகோவில், சிலர் டெட்ராய்ட்டில், சிலரின் முகவரியே தெரியாது. ஒருவரின் பங்கை வெளியார் வாங்கி வழக்கிட்டால், முழு நிலமும் ஏலத்துக்கு வரக்கூடும். ஊர்க் காணியின் பங்காளிகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறியிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை.

ஆவணம் வைத்திருந்தோரும் தப்பவில்லை. கடன் வழங்குவதில் விவசாயத் திணைக்களம் பாகுபாடு காட்டியதாகக் கறுப்பின உழவர்கள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு, 1999இல் இணக்கத் தீர்வில் முடிந்தது. 2010இல் மேலும் 115 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. 1920இல் 9 இலட்சத்துக்கும் அதிகமாயிருந்த கறுப்பின உழவர்கள், 2017 கணக்கெடுப்பில் 50,000க்கும் குறைவு. பஞ்சுப் பயிரை அழித்த வண்டும் நகரம் நோக்கிய பெயர்வும் இச்சரிவுக்குக் காரணங்களே. எனினும் பணத்தால் ஈடுசெய்யப்பட்டோர் பலருக்கு நிலம் திரும்பவில்லை.

2018ஆம் ஆண்டு விவசாயச் சட்டம், பங்கிடப்படாத நிலத்தை உழுவோர் மாற்று ஆவணங்களைக் காட்டிப் பண்ணை எண் பெற வழிசெய்தது. காலந்தாழ்ந்ததாயினும் வரவேற்கத்தக்க திருத்தம் இது. உரித்துச் சிக்கலைத் தீர்க்க 2021இல் திறக்கப்பட்ட திட்டமோ கடன் திட்டமாகவே அமைந்தது. பாட்டன் வாங்கிய நிலம் தன்னுடையதென நிறுவப் பேரன் கடன்படுவதா? புல் வளர்க்க வாடகை கொடுக்கும் அரசு, அந்நிலத்தின் உறுதியைச் சீர்செய்யும் சட்டச் செலவையும் ஏற்பதே முறை.

அதுவும் விரைவாக நிகழ வேண்டும். உரித்தை நிறுவ முதலில் தேவைப்படுவது, யார் யாருக்குப் பிள்ளை என்ற வரிசை. அதை நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.