சரக்கு வேனில் சாகும் கூலியாட்களுக்கு இழப்பீடு எங்கே?



நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் சரக்கு வேன் எங்காவது கவிழ்ந்தால், சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றினால் கடும் நடவடிக்கை என்று மறுநாளே அறிக்கை வருகிறது. ஒரு வாரம் சாலையில் மறித்துச் சோதிக்கிறார்கள், அதோடு சரி. இறந்தவர்களின் குடும்பத்துக்கு அதன் பிறகு என்ன ஆயிற்று என்று செய்திகளில் வருவதே இல்லை. விபத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருப்பதால் அது எனக்குத் தெரியும். அதை ஊரறியச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, எப்படியும் பணம் வந்துவிடும் என்று நம்பித்தான் எம்.சி.ஓ.பி. எனும் விபத்து இழப்பீட்டு மனு போட வருகிறார்கள். சரக்கு வாகனத்தில் ஓட்டுநருக்கும், அந்த வண்டியில் வேலை செய்பவர்களுக்கும், ஏற்றிய சரக்கின் சொந்தக்காரருக்கும் அவர் அனுப்பிய ஆளுக்கும்தான் கட்டாயக் காப்பீடு பொருந்தும். சரக்கின் சொந்தக்காரரைக்கூட 1994 திருத்தத்தில்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-ஆம் பிரிவில் சேர்த்தார்கள். மற்றபடி பின்னால் ஏறிப் போகிறவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நிறுவனத்தின் வக்கீல் அதை எடுத்து நீட்டுவார். நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்று சில வழக்குகளில் உத்தரவாகும். மற்றவற்றில் முழுத் தொகையும் உரிமையாளர் தலையில் விழும். அவரோ தவணைக்குக் குட்டி யானை எனும் சிறு சரக்கு வேன் ஒன்றை வாங்கி ஓட்டிப் பிழைப்பவர். அந்த வண்டியும் நொறுங்கிக் கிடக்கும். தீர்ப்பில் எத்தனை லட்சம் எழுதியிருந்தாலும் அவரிடமிருந்து எதை வசூலிப்பது? நிறைவேற்று மனு போட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழந்து வரும் பெண்களுக்குப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை.

அடையாளம் தெரியாத வண்டி மோதிவிட்டு ஓடி ஒருவர் இறந்தால், 2022 ஏப்ரல் முதல் அவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. வண்டி எண், ஓட்டுநர் பெயர், பாலிசி எண் எல்லாம் தெரிந்த விபத்தில், நடவுக்குப் போன பெண் இறந்தால் அவள் பிள்ளைகளுக்கு ஒரு ரூபாய்கூட உறுதியில்லை. இதை எப்படி நியாயம் என்று ஏற்பது?

சட்டத்தை மீறிய வண்டியில் ஏறியது அவர்கள் குற்றம்தானே என்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் ஆத்திரம்தான் வருகிறது. விடியும் முன்னே மேஸ்திரி வண்டியோடு வந்து நிற்பார். ஏறாதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மனதாரப் பாராட்ட வேண்டிய திட்டம் அது. ஆனால் ஆறு மணிக்குக் கழனியில் இறங்க வேண்டியவர்களுக்கு ஐந்து மணிக்கு அந்த ஊரில் பேருந்து வந்து நிற்க வேண்டுமே! மலைக் கிராமங்களில் சரக்கு வேனை விட்டால் பல நேரங்களில் வேறு வண்டியே கிடையாது. ஜவ்வாது மலையில் செம்பரை அருகே 2022 ஏப்ரலில் கோயிலுக்குப் போனவர்களின் வேன் பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை.

குட்டி யானை முக்கால் டன் சுமைக்கென்று செய்த வண்டி. இருபத்தைந்து பேரை ஏற்றினால், ஆளுக்கு 50 கிலோ என்று வைத்தாலும் ஒன்றேகால் டன் ஆகிறது. மூட்டையைக் கட்டிவைத்தால் இருந்த இடத்தில் இருக்கும். நிற்கிற ஆட்கள் வளைவில் ஒரே பக்கமாகச் சாய்வார்கள். பாரமெல்லாம் மேலே இருப்பதால் வண்டி கவிழ அதுவே போதும். உட்கார இருக்கையோ பெல்ட்டோ பிடித்துக்கொள்ளக் கம்பியோ கிடையாது. பின்கதவின் கொக்கி தெறித்தால் விளிம்பில் இருப்பவர்கள் சாலையில்தான் விழ வேண்டும்.

அனுமதிச் சீட்டின் நிபந்தனையை மீறினால் 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவு. நடைமுறையில் அபராத ரசீதை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே ஆட்களோடு அதே வண்டியை அனுப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்களை இறக்கி வேறு வண்டியில் ஏற்றி அனுப்பாமல் ரசீது மட்டும் கொடுத்தால் யார் உயிர் பிழைக்கும்? வண்டி பேசிய மேஸ்திரியின் பெயரும் வழக்கில் வருவதில்லை.

சரக்கு வாகனத்தில் யார் போய் இறந்தாலும், காயப்பட்டாலும் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்தாக வேண்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 147-ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். நீதிபதிக்கு நீதிபதி மாறும் சலுகையாக இல்லாமல் சட்டத்திலேயே அது இருக்க வேண்டும். எங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை மக்களவையில் கேட்க வேண்டும். நடவுக்காலத்தில் விடியற்காலைப் பேருந்து விடுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று ஊராட்சித் தலைவர்களைக் கேட்டாலே தெரியும். போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளர் மனது வைத்தால் இந்தப் பட்டத்திலேயே செய்யலாம்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
போளூர்.