படுத்துட்டான்யா வண்டி!

மூணாவது பீரியட் முடிஞ்சு டீ அடிக்கலாம்னு பார்க்கிங் பக்கம் வர்றீங்க. காலையில கம்பீரமா நிறுத்திட்டுப் போன உங்க வண்டி, ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கிட்டு இருக்கு. சுத்தி நாலு பேர் ‘உச்’ கொட்டிக்கிட்டு நிக்கிறாங்க. தள்ளிவிட்டவன் மட்டும் அந்தக் கூட்டத்துல இல்லை. (இருந்தா, அவன்தான் ரொம்ப சத்தமா ‘உச்’ கொட்டுற ஆளா இருப்பான்!)

ஓடுறப்போ விழுந்தா ஊரே கூடும். நின்ன இடத்துல விழுந்தா? ‘சும்மா சாஞ்சதுதானே மச்சி’ன்னு தூக்கி, தூசி தட்டி, செல்ஃப் அடிச்சுக் கிளம்பிடுவோம். கீறலைத்தான் எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு பார்ப்போம். ஆனா, ஆளை அடிக்கிற சமாசாரங்கள் கீறல்ல இருக்காது. அது ஆக்ஸிலேட்டர்லயும் பிரேக்லயும் ஒளிஞ்சிருக்கும். அடுத்த சிக்னல்லதான் வெளியே வரும்.

முதல்ல தூக்குற கதை. பதற்றத்துல ரெண்டு கையாலயும் ஹேண்டில்பாரைப் புடிச்சு ‘ஐலசா’ போடாதீங்க. ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ, கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. முதுகு உங்களோடது, ஸ்பேர் கிடைக்காது. முதல் வேலை, கீயை ஆஃப் பண்றது. பெட்ரோல் வாசனை வந்தா பக்கத்துல சிகரெட்டோட வேடிக்கை பார்க்கிற சீனியரை மரியாதையா நாலடி தள்ளி நிக்கச் சொல்லுங்க. பழைய கார்புரேட்டர் வண்டின்னா பெட்ரோல் காக்கை மூடுங்க. முடிஞ்சா கியர்ல போட்டுடுங்க, இல்லேன்னா தூக்குறப்போ வண்டி உருண்டு ஓடும். வலது பக்கம் விழுந்திருந்தா, தூக்குறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்டை இறக்கி வைக்கணும். வீரமா தூக்கின வேகத்துல அந்தப் பக்கம் சாய்ஞ்சு ரெண்டாவது ரவுண்டு படுத்த வண்டிகள் நிறைய.

அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் ஓரத்துல இடுப்பை ஒட்டி உட்கார்ற மாதிரி குனிங்க. ஒரு கை ஹேண்டில்பார்ல, இன்னொரு கை பின்னாடி கேரியர் கம்பியில. முதுகு நேரா இருக்கட்டும், காலை உந்தி சின்னச் சின்ன அடியா பின்னாடி நடங்க. வண்டி தானா எழுந்து வரும். ரெண்டு பேர் இருந்தா இந்தக் கஷ்டமே இல்லை, ஆனா ஹீரோ ஆகணும்னு ஆசைப்படுறவங்களுக்காகச் சொன்னேன்.

எழுப்பியாச்சா? உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. இதை ரெண்டு தடவை படிங்க.

காரணம் இருக்கு. இன்ஜின் ஆயில் அடியில தேங்கி நிக்குறதுதான் முறை. வண்டி படுத்தா அதுவும் கூடவே படுத்து, பிரீதர் டியூப் வழியா ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள போகலாம். கார்புரேட்டருக்குள்ள ஒரு மிதவை இருக்கு, நம்ம வீட்டு வாட்டர் டேங்க்ல இருக்கிற பந்து மாதிரி. நேரா நின்னாத்தான் அது வேலை செய்யும். சாஞ்சா பெட்ரோலை நிறுத்தத் தெரியாம விட்டுடும். அது ஓவர்ஃப்ளோ டியூப்ல தரைக்குப் போனா பர்ஸுக்கு நஷ்டம். உள்ள சிலிண்டருக்குப் போனா இன்ஜினுக்கே ஆப்பு. ஏன்னா, காத்தை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் மன்னிக்கவும்). சிலிண்டர்ல திரவம் நிறைஞ்சிருக்கும்போது செல்ஃப் அடிச்சா, பிஸ்டன் மேலே வந்து முட்டும். வழி கிடைக்காம கனெக்டிங் ராடு வளையும். ரெண்டு நிமிஷம் படுத்த வண்டியில இது அபூர்வம். ராத்திரி பூரா ஹாஸ்டல் வாசல்ல கிடந்த வண்டின்னா அலட்சியம் வேண்டாம்.

அதனால நேரா நிறுத்தி ஒரு அஞ்சு, பத்து நிமிஷம் விட்டுடுங்க. டீ குடிக்கப் போனீங்கல்ல, அதைக் குடிச்சுட்டே வாங்க. அப்புறம் கீ ஆஃப்லயே கிக்கரை மெதுவா மிதிச்சுப் பாருங்க. கிக்கர் இல்லாத வண்டின்னா டாப் கியர்ல போட்டு, கிளட்ச் பிடிக்காம லேசா முன்னாடி தள்ளிப் பாருங்க. இன்ஜின் சுத்துனா நல்லது. கல்லு மாதிரி நின்னா பலம் காட்டாதீங்க. பிளக்கைக் கழட்டிட்டு, கீ ஆஃப்ல நாலஞ்சு தடவை கிக் அடிச்சா உள்ளே இருக்கிறது வெளியே பீய்ச்சும். முகத்தை அங்கே வெச்சுக் குனிஞ்சு பார்க்கிற வேலை வேண்டாம்.

கார்புரேட்டர் வண்டி ‘ஓவர்’ ஆகிக் கிளம்ப மறுத்தா, சோக்கை ஆஃப் பண்ணிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசாத் திறந்து வெச்சு கிக் அடிங்க. கிளம்பினதும் ஆக்ஸிலேட்டரை உடனே விட்டுடணும். 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த பி.எஸ் 6 வண்டிகள்ல பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். அதுல பல மாடல்கள்ல சாய்வைக் கண்டுபிடிக்கிற சென்சார் உண்டு. வண்டி படுத்ததும் பெட்ரோல் பம்ப்பையும் பிளக்கையும் அதுவே நிறுத்திடும். தூக்கி நிறுத்தின பிறகும் ‘நான் இன்னும் படுத்திருக்கேன்’னு அடம்பிடிக்கும். கீயை ஆஃப் பண்ணி, கொஞ்சம் விட்டு, மறுபடி ஆன் பண்ணினா சமாதானம் ஆகிடும். இது தெரியாம மினி வேன் பிடிச்சு வண்டியை வொர்க் ஷாப்புக்கு ஏத்திட்டுப் போற ஆளுங்க உண்டு. சைலன்ஸர்ல நீலமும் வெள்ளையுமா கொஞ்ச நேரம் புகை வந்தா பயப்படாதீங்க, உள்ளே போன ஆயில் எரியுது. நிக்காம வந்துட்டே இருந்தா நிறுத்திட்டு ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்க, ஆயில் லெவலையும் பாருங்க.

இப்போ முக்கியமான கட்டம். கேட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி, இன்ஜின் ஆஃப்ல, ஆக்ஸிலேட்டரைத் திருகி விடுங்க. ‘டப்’னு சத்தத்தோட திரும்பி வரணும். ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி ரெண்டுக்கும் திருப்பி வெச்சு அதையே செய்யுங்க. வலது பக்கம் விழுந்த வண்டியில, ஹேண்டில்பார் முனையில இருக்கிற வெயிட் உள்ளே அமுங்கி, கிரிப்பைக் கவ்விப் பிடிச்சுக்கும். திருகினா திருகும், விட்டா திரும்பாது. ஒரு பேருந்து பின்னாடி முதல் கியர்ல நின்னுட்டு இருக்கும்போது இது நடந்தா என்ன ஆகும்னு நான் விளக்க வேண்டியது இல்லை.

அடுத்தது பிரேக். வலது கால் பெடல் உள்பக்கமா வளைஞ்சு, மிதிச்சதும் திரும்பாம மாட்டிக்கலாம். நாலு கிலோமீட்டர் தேய்ஞ்சுக்கிட்டே போய் டிரம் கொதிக்கும். முன்னாடி டிஸ்க் இருந்தா லீவரை நாலு தடவை அமுக்குங்க. பஞ்சு மாதிரி அமுங்கினா லைன்ல காத்து போயிருக்கு, அதை வெளியேத்தாம ஓட்டக்கூடாது. பிரேக் ஆயில் டேங்க் மேல சிந்தியிருந்தா உடனே தண்ணி ஊத்திக் கழுவிடுங்க, பெயின்ட்டைத் தின்னுடும். தண்ணி ஊத்துற பழைய டைப் பேட்டரின்னா ஆசிட்டும் வடிஞ்சிருக்கலாம், அதுக்கும் நிறைய தண்ணிதான் மருந்து.

வளைஞ்ச கிளட்ச் லீவரைக் கையால நேராக்கற ஆசை எல்லாருக்கும் வரும். அது அலுமினிய வார்ப்பு. இரும்புக் கம்பி மாதிரி போய்ட்டு வராது. பாதி வழியிலயே விரிசல் விடும், ஒருநாள் டிராஃபிக்ல கையோட வரும். ஓட்டுற அளவுக்கு வளைவு இருந்தா அப்படியே விட்டுட்டு, புதுசு வாங்கி மாட்டுறதுதான் நல்லது. எங்க காலேஜ் எதிர் சந்துல ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். “அண்ணே, கியர் ராடு உள்ள போயிடுச்சு, ஒரு தட்டுத் தட்டி விடுங்கண்ணே”ன்னு ஒரு பையன் வந்தான். அண்ணன் சுத்தியலை எடுக்கவே இல்லை. “வண்டியில வெச்சுத் தட்டினா உள்ளே இருக்கிற ஷாஃப்ட் அடி வாங்கும் தம்பி. ஆயில் சீலும் போயிடும். நாளைக்கு ஆயில் ஒழுகுதுன்னு நீதான் எங்கிட்ட வந்து நிப்பே”ன்னு, போல்ட்டைக் கழட்டி, ராடை உருவி, வைஸ்ல வெச்சு நிமிர்த்தி, மறுபடி மாட்டிக் கொடுத்தார். மொத்தம் பத்து நிமிஷம்தான்.

ஹேண்டில் நேரா இருக்கு, வீல் மட்டும் ஒரு பக்கம் பார்க்குதா? உடனே ஃபோர்க் போச்சுன்னு அழாதீங்க. பல நேரம் ஃபோர்க் குழாய்கள் பிடிப்புக்குள்ள லேசாத் திரும்பியிருக்கும். முன் சக்கரத்தை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இறுக்கி, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் ஒரு இழு. லேசான திருகல்னா நேராகிடும். ஆகலேன்னா மெக்கானிக் போல்ட்டுகளைத் தளர்த்தி, அமுக்கி விட்டு, மறுபடி இறுக்குவார். கண்ணாடி மாத்துறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: யமஹா வண்டிகள்ல வலது பக்கக் கண்ணாடியோட மரை தலைகீழ். வழக்கமா கழட்டுற பக்கமே திருகித் திருகி மரையைத் தின்ன வைக்காதீங்க.

செலவு? ‘இன்ஷூரன்ஸ் இருக்குல்ல’ன்னு தெம்பா இருந்தீங்கன்னா பேப்பரை எடுத்துப் பாருங்க. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு அஞ்சு வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம். அது அடுத்தவங்களுக்கு நாம பண்ற சேதத்துக்கு. நம்ம டேங்க் நசுங்கினதுக்குச் சொந்த சேத பாலிசி தனியா வேணும். நிறைய பேர் ஒரு வருஷத்துக்கு மட்டும் அதைப் போட்டுட்டு மறந்துடுறாங்க. அது இருந்தாலும், ஒரு லீவருக்கும் இண்டிகேட்டருக்கும் க்ளெய்ம் பண்றது புத்திசாலித்தனமான்னு கணக்குப் போடுங்க. க்ளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவிகிதம்னு ஆரம்பிச்சு, அஞ்சு வருஷத்துல 50 சதவிகிதம் வரைக்கும் போற தள்ளுபடி, ஒரே க்ளெய்ம்ல பூஜ்யத்துக்கு இறங்கிடும்.

இதெல்லாம் வண்டிக்காரருக்கு. தள்ளிவிட்டவருக்கும் ரெண்டு வார்த்தை இருக்கு. நெருக்கிப் பிடிச்ச வரிசையில இருந்து வண்டியை எடுக்கும்போது பக்கத்து வண்டி சாயுறது சகஜம். ஒண்ணு சாய்ஞ்சா சீட்டுக்கட்டு மாதிரி ஏழு சாயும். யாரும் பார்க்கலைன்னு தூக்கி நிறுத்திட்டு, துடைச்சுவிட்டுட்டுப் போறீங்க பாருங்க... அதுதான் கொடுமை. கீழே கிடக்கிற வண்டியைப் பார்த்தா சொந்தக்காரன் உஷாராவான். ஒழுங்கா நிக்குற வண்டியில அவனுக்கு என்ன தெரியும்? மாட்டிக்கிட்ட பெடலோட, கவ்விப் பிடிச்ச ஆக்ஸிலேட்டரோட ஏறி உட்கார்ந்து கிளம்பிடுவான். பின்னாடி தங்கச்சி உட்கார்ந்திருக்கலாம். காசு கொடுக்க முடியலைன்னா பரவாயில்லை பாஸ். ‘வண்டி வலது பக்கம் சாஞ்சது, பிரேக்கைப் பாருங்க’ன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஸ்பீடோமீட்டர்ல சொருக என்ன செலவு? பேர் எழுதணும்னுகூட இல்லை. எழுதினா உங்க தைரியத்துக்கு ஒரு சல்யூட்.

சாயாம நிறுத்துறது பெரிய வித்தை இல்லை. இறக்கத்தைப் பார்த்து சைடு ஸ்டாண்டு போடக்கூடாது. வண்டி முன்னாடி உருண்டா ஸ்டாண்டு மடங்கிடும். ஏத்தத்தைப் பார்த்து நிறுத்தி, முதல் கியர்ல விடுங்க. ஐப்பசி மழைச் சேத்துலயும், அக்னி நட்சத்திரத்துல இளகுற தார்லயும் சைடு ஸ்டாண்டு கத்தி மாதிரி இறங்கும். பத்து சதுர சென்டிமீட்டர் காலுக்குக் கீழே நூறு சதுர சென்டிமீட்டர்ல ஒரு தட்டை வெச்சா மண் மேல விழுற அழுத்தம் பத்துல ஒண்ணா குறைஞ்சிடும். எங்க பார்க்கிங் வாட்ச்மேன் தாத்தா இதை எந்த செமஸ்டர்லயும் படிச்சதில்லை. புது பிளாக் கட்டினப்போ மிச்சமான உடைஞ்ச டைல்ஸை ஒரு சாக்குல போட்டு, கேட் பக்கத்துல வெச்சிருக்கார். மழை வந்தா ஆளுக்கு ஒண்ணு கேட்டு வாங்கிக்கலாம். சாயங்காலம் போறப்போ கழுவிக் கொடுத்துட்டுப் போகணும், அதுல மட்டும் தாத்தா ரொம்ப கறார்.