கழுதை எங்கே போயிற்று?

சக இதழொன்றில் வந்திருக்கும் நீண்ட கட்டுரை, இளைய தலைமுறையின் வாசிப்பு கெட்டுப்போனதற்குச் சான்றாக ஒரு பதினாறு வயது வாசகியின் கருத்தை எடுத்துவைத்து எள்ளி நகையாடுகிறது. நாவல் ‘நியூ மூன்’: காட்டேரிக் காதலனும் ஓநாய்க் கூட்டமும் உலவுகிற, 2006இல் அமெரிக்காவில் வெளியான புத்தகம், முந்தைய ஆண்டு வந்த ‘ட்வைலைட்’டின் இரண்டாம் பாகம். அந்தப் பெண் சொன்னவை இரண்டு. நாயகன் பாதிக்கும் மேல் கண்ணிலேயே படவில்லை, அலுத்துவிட்டது என்பது ஒன்று. போகிறவன் போய்த் தொலையாமல் அவன் குரல் மட்டும் எதற்கு வந்துகொண்டே இருக்கிறது என்பது மற்றொன்று. கட்டுரையாளர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு, இது வாசிப்பல்ல, பருவத்தின் ஏக்கம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். இரண்டாவதை மேற்கோளில் சேர்த்தவர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

நாவலின் கட்டமைப்பைக் கவனிப்போம். பிறந்தநாள் விருந்தில் பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது காகிதம் நாயகி பெல்லாவின் விரலைக் கீறுகிறது. ஒரு சொட்டு இரத்தம். காதலனின் குடும்பத்திலேயே ஒருவன் பாய்கிறான். அவளுடைய பாதுகாப்பைக் காரணமாக மனத்தில் வைத்துக்கொண்டு, காதல் இல்லை என்று பொய் சொல்லிக் காதலன் போய்விடுகிறான். அடுத்து வருபவை கிட்டத்தட்ட வெற்றுப் பக்கங்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று பக்கத்துக்கு ஒரு மாதப் பெயர், வேறொன்றும் இல்லை. கதை சொல்பவளே வாயடைத்துப்போனால் தன்மைக் கதைசொல்லல் என்னவாகும் என்ற கேள்வியை, ஜனரஞ்சக நாவல் ஒன்று இவ்வளவு துணிச்சலாகக் கேட்டிருக்கிறது. அந்தத் துணிச்சலுக்கு ஆயுள் சில பக்கங்கள்தான். மௌனம் கலைந்ததும் ஆசிரியருக்குப் பயம் வந்துவிடுகிறது. பெல்லா ஆபத்தில் இறங்கும் போதெல்லாம், மோட்டார் சைக்கிளில் பறந்தாலும் பாறையிலிருந்து கடலில் குதித்தாலும், காதலனின் குரல் அவள் காதில் கேட்கிறது. இல்லாமையை மையமாக வைத்த நாவல், வாசகர் கோபித்துக்கொள்வாரோ என்று இல்லாதவனைத் தவணை முறையில் கொண்டுவருகிறது. வாசகியின் இரண்டாவது கேள்வி தொடுவது இதைத்தான். நாயகன் இல்லை என்பதல்ல அவள் புகார். அவன் போதுமான அளவு இல்லாமல் போகவில்லை. உருவவாதிகள் கூடிப் பேசியிருந்தால் இதற்கு ஒரு கலைச்சொல் சூட்டியிருப்பார்கள். அவளிடம் கலைச்சொல் இல்லை, எரிச்சல் இருந்தது.

இரண்டாம் பாகத்தை வாசிப்பது தனி வகை வாசிப்பு என்பதை செர்வாண்டிஸ் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார். 1605இல் வந்த ‘டான் கிஹோட்டே’ முதல் பாகத்தில் நாயகனின் பணியாள் சாஞ்சோவின் கழுதை எப்போது திருடுபோனது என்று சொல்லாமலே காணாமல் போகிறது. பிறகு பார்த்தால் அவன் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான். 1615இல் இரண்டாம் பாகம் வந்தபோது, முதல் பாகத்தைப் படித்த வாசகர்களின் குறைகளை ஒரு கதாபாத்திரமே கிஹோட்டேயிடமும் சாஞ்சோவிடமும் வந்து ஒப்பிக்கிறது. கழுதை எங்கே போயிற்று, எப்படித் திரும்பியது? சாஞ்சோ திருட்டை விவரித்துவிட்டு, மீதியை எழுதியவர் தலையிலும் அச்சிட்டவர் தலையிலும் கட்டிவிடுகிறான். எங்களுக்கு இந்த இடம் எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. அற்பமான கேள்விதான். ஆனால் அந்த அற்பத்தை நாவலுக்குள்ளேயே அனுமதித்ததில் நவீன நாவலின் பாதி வந்துவிடுகிறது. பதின்வயதைப் பற்றி இன்னொன்றும்: 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் ‘பிராங்கன்ஸ்டைன்’ எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. அதே கோடையின் பேய்க்கதைப் போட்டியில்தான் உடனிருந்த மருத்துவர் பொலிடோரியின் காட்டேரிக் கதைக்கும் வித்து விழுந்தது. இந்த வகைமையில் பதின்வயதினருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் வரலாற்றையும் சற்றுக் கேட்டுக்கொள்ளலாம்.

மறுப்பு வரும்: அந்த வாசகி பார்க்கத் தவறியவை எத்தனை! உண்மைதான். அந்த ஓநாய்க் கூட்டம் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் இன்றும் வாழும் குயிலியூட் பழங்குடியினர் மேல் ஏற்றப்பட்ட கற்பனை. தாங்கள் ஓநாயிலிருந்து தோன்றியவர்கள் என்ற தொன்மம் அவர்களிடம் உண்டு. காட்டேரியோடு பகை என்பதெல்லாம் நாவலாசிரியர் இட்டுக்கட்டியது. ஒரு சமூகத்தின் தோற்றக்கதையை எடுத்துக் காதல் முக்கோணத்தின் மூன்றாவது முனையாக மாற்றியதை அவள் கேட்கவில்லை. பின்காலனியத்தைக் கரைத்துக் குடித்த கட்டுரையாளரும்தான் கேட்கவில்லை. பதினாறு வயதை அதற்காக மன்னிக்கலாம். இன்னொரு மறுப்பு, ரசனை வேறு விமர்சனம் வேறு என்கிற பழைய பல்லவி. அலுப்புத் தட்டியது என்பது முடிவல்ல, தரவு. எந்தப் பக்கத்தில், எதனால் என்று தொடர்ந்து கேட்டால் அங்கிருந்து விமர்சனம் நடக்க ஆரம்பிக்கும். அவள் தொடர்ந்து கேட்டாள்.

நம்மவர்கள் அந்த முதல் அடியையே எடுத்துவைப்பதில்லை. எண்ணூறு பக்க நாவலின் இரண்டாம் பாகம் வந்தால், மதிப்புரையாளர் முதல் பாகத்துக்குத் தாம் எழுதியதையே மறுபடி எழுதி, காவிய விரிவு என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்க்கிறார். எங்கே தொய்ந்தது, எந்தப் பாத்திரம் ஆசிரியருக்கே மறந்துபோயிற்று என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை; திறந்தால் அடுத்த வெளியீட்டு விழா மேடையில் நாற்காலி இருக்காது. பரிசுக் குழுக்கள் பாராட்டுரையில் குறிப்பிடும் காட்சிகள் பெரும்பாலும் முதல் ஐம்பது பக்கங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. எங்கள் இதழுக்கு வரும் மதிப்புரைகளிலும் இதுவே நிலை என்பதால், அடுத்த இதழிலிருந்து மதிப்புரையாளர்களிடம் ஒரே ஒரு கேள்விக்குக் கட்டாயம் பதில் கேட்கப்போகிறோம்: எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது?