சும்மா ஆடுகிறவர்கள்

ஏழாயிரம் ரூபாய் என்ற தொகை சம்பந்தமே இல்லாத இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று, 2019இல் திருத்தப்பட்ட அப்ரண்டிஸ் விதிகள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிசாகச் சேருகிறவருக்கு மாதம் குறைந்தது ரூ.7,000 உதவித்தொகை தர வேண்டும் என்றன அவை. இன்னொன்று, 2021 ஜூலையில் வந்த பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற போன் ஆட்டம், சுருக்கமாக பி.ஜி.எம்.ஐ. பதினெட்டு வயது ஆகாதவர்கள் அந்த ஆட்டத்துக்குள் செலவழிக்க நிறுவனம் ஒரு வரம்பு வைத்தது. அதுவும் ரூ.7,000தான். ஒரே வித்தியாசம், இது ஒரு நாளைக்கு.

இத்தனைக்கும் அது இலவச ஆட்டம். டவுன்லோட் செய்யக் காசில்லை, மாதக் கட்டணம் இல்லை, எவ்வளவு நேரம் ஆடினாலும் மீட்டர் ஓடாது. இலவசமான ஒன்றில் ஒரு சிறுவன் ஒரே நாளில் ஏழாயிரத்துக்கு மேல் செலவு செய்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறார்கள் என்றால், கடைக்குள் என்ன விற்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழிற்சாலைப் பட்டையில், பையன்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் அறைகளில் மாலை வேளையில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தம்தான். பி.ஜி.எம்.ஐ. இல்லையென்றால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்சில் வந்து இறங்கியவன் குளிக்கிறானோ இல்லையோ, ஆட்டத்தின் லாபிக்குள் போய்விடுகிறான். பல தொழிற்சாலைகளில் உள்ளே போனை விடுவதில்லை என்பதால் எட்டு மணி நேரப் பசி வேறு.

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டிரெய்னியாக இருக்கும் தம்பி ஒருவன் எனக்குப் பழக்கம். சங்கரன்கோவில்காரன். “இதுவரைக்கும் ஒத்தப் பைசா போட்டதில்லண்ணே” என்று பெருமையாகச் சொல்வான். அவன் ஸ்குவாடில் நாலு பேர். ஒருவன் மட்டும் மாதாமாதம் யூசி என்ற ஆட்டக் காசை டாப்-அப் செய்து, ராயல் பாஸ் வாங்கி, தங்கக் கலரில் மின்னும் துப்பாக்கி ஸ்கின்னோடு வருவான். மற்ற மூவரும் ஓசி. கம்பெனிக்காரனை ஏமாற்றிவிட்டதாக இந்த மூவருக்கும் ஒரு நினைப்பு.

2014இல் ஸ்வெர்வ் என்ற அளவீட்டு நிறுவனம் இலவச மொபைல் ஆட்டங்களை ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னது. ஆட்டத்துக்குள் நடக்கும் விற்பனையில் பாதி, ஆடுகிறவர்களில் 0.15 சதவீதம் பேரிடமிருந்து வருகிறது. ஆயிரம் பேரில் இரண்டு பேர்கூட இல்லை. பெரும் செலவாளிகளைத் திமிங்கலங்கள் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களின் பேச்சுவழக்கு. அப்படியானால் மீதிப் பேரை எதற்கு சர்வர் செலவு செய்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? தர்மத்துக்கா?

ஒரு மேட்ச்சில் நூறு பேர் பாராசூட்டில் குதிக்க வேண்டும். பகல் இரண்டு மணிக்கும், விடியற்காலை மூன்று மணிக்கும் பொத்தானை அழுத்திய சில நொடிகளில் அந்த நூறு பேர் சேர்ந்துவிட வேண்டும். அப்போதுதான் தங்கத் துப்பாக்கி வாங்கியவனுக்குச் சுட ஆள் கிடைக்கும்; அதைவிட முக்கியமாக, துப்பாக்கியைப் பார்த்து வாய்பிளக்க ஆள் கிடைக்கும். யாரும் பார்க்காத ஸ்கின்னுக்கு யார் காசு தருவார்கள்? ஆகவே காசு தராதவன் அங்கே விருந்தாளி இல்லை. விற்கப்படுகிற சரக்கின் பாதி அவன்தான். ஆள் குறைந்தால் கம்பெனியே ‘பாட்’ என்கிற பொம்மை ஆட்டக்காரர்களை இறக்கி லாபியை நிரப்புகிறது. அந்த பாட் செய்யும் வேலையைத்தான் நம் தம்பி இன்னும் திறமையாக, கூலி வாங்காமல் செய்கிறான். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலையை நிறுத்தியபோது, லைனில் நிற்கும் மனிதனின் மதிப்பு என்ன என்று ஊருக்கே தெரிந்தது. லாபியில் நிற்கும் ஓசி ஆட்டக்காரர்கள் ஒரே ஒரு நாள் உள்ளே வராமல் இருந்து பார்த்ததில்லை.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு வேறொன்று இருந்தது. 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கிய பிறகும் மாதம் 14.99 டாலர் கேட்டது. 2010 அக்டோபரில் அதற்கு ஒரு கோடியே இருபது லட்சம் சந்தாதாரர்கள். அதைப் பார்த்துக் கை ஊறி மற்றவர்களும் மாதக் கட்டணம் வைத்தார்கள்; பெரும்பாலும் தேறவில்லை. 2011 டிசம்பரில் பெரும் செலவில் இறங்கிய ஸ்டார் வார்ஸ் ஆட்டம் ஒரு வருடம்கூடத் தாங்காமல் 2012 நவம்பரில் இலவசக் கதவைத் திறந்துவிட்டது.

இலவசமாக உள்ளே விட்டுப் பொருள் விற்கும் வித்தையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள் கொரியர்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நெக்சான் என்ற கொரிய நிறுவனம், மாதக் கட்டணம் வைத்து ஆளிழந்த ஒரு வினாடி வினா ஆட்டத்தை இலவசமாக்கி, உள்ளே பொம்மை உருவங்களுக்கு உடுப்பு விற்றுப் பார்த்தது. பிழைத்துக்கொண்டது. இருங்காட்டுக்கோட்டையில் கார், சுங்குவார்சத்திரத்தில் வாஷிங் மெஷின் என்று கொரியத் தொழிலைத் தினமும் கையால் தொடுகிற இந்தப் பட்டையில், ராத்திரி பையன்கள் ஆடுகிற பி.ஜி.எம்.ஐ.யும் கிராஃப்டான் என்ற கொரிய நிறுவனத்துடையதுதான். பகல் சம்பளம் கொடுத்தவர்களுக்கு ராத்திரி பங்காளிகள் உண்டு.

எனக்கு மாதக் கட்டணத்தின் மேல் ஒரு சாய்வு இருக்கிறது, மறைக்கவில்லை. மாத மெஸ் மாதிரி அது. மாதம் பிறந்ததும் காசைக் கொடுத்துவிட்டால் தட்டில் விழுவது எல்லோருக்கும் ஒரே சாம்பார். இன்னொருவன் கூடுதல் காசு கொடுத்தான் என்பதற்காக என் ரசத்தில் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது: நான் ஊருக்குப் போய் நாலு நாள் சாப்பிட வராவிட்டால் மெஸ்காரருக்கு லாபம். சந்தா வாங்குகிறவனுக்கு நாம் ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்க வேண்டிய அவசரம் இல்லை, அடுத்த மாதமும் வந்தால் சரி. அங்கேயும் இழுத்தடிப்பு உண்டுதான். ஒரு வாளுக்காக வாரக்கணக்கில் ஒரே குகையைச் சுற்றவிட்டதெல்லாம் மாதக் கட்டண ஆட்டங்கள்தான். ஆனாலும் விலை வாசலிலேயே எழுதியிருந்தது.

இலவச ஆட்டத்துக்கோ நாம் உள்ளேயே இருந்தாக வேண்டும். இருந்தால்தானே என்றைக்காவது சபலப்படுவோம். தினமும் லாகின் செய்தால் ஒரு பரிசு, ஏழு நாள் விடாமல் வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. கம்பெனியில் லீவு போடாதவனுக்குக் கிடைக்கும் அட்டெண்டன்ஸ் போனஸை வாங்கத் தெரிந்த பையனுக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. ஒரே குறை, இந்த போனஸ் மளிகைக் கடையில் செல்லாது.

2012இல் வந்த கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் போன்றவை இன்னும் நேரடி. ஒரு கட்டடம் கட்டி முடிய நாலு நாள் காத்திரு, அல்லது காசு கொடுத்து இப்போதே முடித்துக்கொள் என்கிறது ஆட்டம். நேரம் இருக்கிறவன் நேரத்தைக் கொடுப்பான், காசு இருக்கிறவன் காசைக் கொடுப்பான். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. எட்டு மணி நேரம் லைனில் நின்று, மேலே ஓ.டி.யும் பார்த்து வந்தவனிடம் இரண்டும் குறைவு என்பதை அந்தத் தராசு கணக்கில் எடுப்பதில்லை.

நோக்கியா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்திய அந்த ஆலையின் போன்களில் பாம்பு கேம் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் நினைவிருக்கிறதா? போன் வாங்கிய காசிலேயே பாம்பும் அடங்கிவிட்டது. அதற்குப் புதுத் தோல் வாங்கச் சொல்லி யாரும் கெஞ்சவில்லை. இப்போது அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில், 2019 முதல் ஐபோன் செய்கிறார்கள். போனைப் பூட்டி முடித்த பெண்ணுக்கு அந்தப் போனிலிருந்து வரும் வருமானம் அன்றைய ஷிஃப்டோடு முடிந்துவிடுகிறது. அந்தப் போனில் ஒருவன் இலவச ஆட்டம் ஒன்றை இறக்கி ஸ்கின் வாங்கும்போதோ, ஆப்பிள் வழக்கமாக 30 சதவீதம் வரை கமிஷன் எடுத்துக்கொள்கிறது. 2009 அக்டோபரில்தான் இலவச ஆப்களுக்குள்ளும் விற்கலாம் என்று ஆப்பிள் வழிவிட்டது. தொழில் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. கடைசியில் பி.ஜி.எம்.ஐ.க்கு மூலமான, காசுக்கு விற்ற கம்ப்யூட்டர் பப்ஜியே 2022 ஜனவரி 12 முதல் இலவசமாகிவிட்டது.

‘மாதம் நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் ஒரே ஆட்டத்தைக் கொடுத்தால் என்ன?’ என்று தம்பியிடம் கேட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

“அப்ப நாங்க ரெண்டு பேரு மட்டும்தாண்ணே ஆடணும். எங்க ஸ்குவாட்ல ஒருத்தன் ஊர்ல சும்மா இருக்கான், ஒருத்தன் காலேஜ். அவங்க எங்க கட்டுவாங்க? நாலு பேர் இல்லன்னா அது என்ன கேம்?”

அவன் அறையில் ஒடிசாக்காரர் ஒருவர் இருக்கிறார். இருவரும் பேசப் பழகியதே மேட்ச்சில்தானாம். சம்பளம் வித்தியாசம், மொழி வித்தியாசம், கான்ட்ராக்ட், பெர்மனென்ட் வித்தியாசம் எதுவும் வாசலில் தடுக்காததால்தான் அந்த ஸ்குவாட் உருவாகிறது. என் மாதக் கட்டண நியாயத்தில் இதற்குப் பதில் இல்லை. கட்டவும் வழி வேண்டுமே. வார்கிராஃப்ட் உச்சத்தில் இருந்தபோது மாதாமாதம் டாலரில் கட்ட கிரெடிட் கார்டு வைத்திருந்த பையன்கள் நம்மிடம் எத்தனை பேர்? கார்டு வந்த பிறகும், தானாகப் பணம் பிடிக்கும் முறைக்கு 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டதும் பல சந்தாக்கள் பாதியில் அறுந்தன. பத்து ரூபாய் ரீசார்ஜில் பழகிய நாட்டில் சில்லறை வியாபாரம்தான் செல்லும் என்பதை விற்கிறவர்கள் நம்மைவிட முன்னால் புரிந்துகொண்டார்கள்.

சில்லறைக்கும் ஆபத்து உண்டு. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி, பி.ஜி.எம்.ஐ.க்கு முன்னோடியான பப்ஜி மொபைலை அரசு தடை செய்தது. அக்டோபர் 30ஆம் தேதி இந்தியாவுக்கான சர்வரையும் மூடினார்கள். மாதக் கட்டணமாக இருந்தால் அந்த மாதத்துக் காசு போயிருக்கும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் உடுப்பும் துப்பாக்கியும் வாங்கி வைத்தவர்களுக்கு மொத்தப் பீரோவும் பூட்டிக்கொண்டது. அடுத்த ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. வந்து பழைய கணக்கை மாற்றிக்கொள்ள விட்ட பிறகுதான் சாவி கிடைத்தது. ஒரு வருடம் கழித்து 2022 ஜூலையில் அதுவும் ஆப் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது.

சட்டம் இந்த இரண்டு வியாபாரத்தையும் எப்படிப் பார்க்கிறது? ஆன்லைன் ரம்மித் தற்கொலைகளால் தமிழ்நாடு விழித்தது. காசு வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து மணி வரை பூட்டு என்று 2025 பிப்ரவரியில் விதி வந்தது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. (நைட் ஷிஃப்ட்காரனுக்கு நள்ளிரவு என்பது சாப்பாட்டு இடைவேளை. விதி எழுதியவர்கள் பகலில் வேலை பார்ப்பவர்கள்.) அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றி, பண ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. பொழுதுபோக்கு ஆட்டங்களை அது தனியாகப் பிரித்து, சந்தாவோ ஒருமுறை நுழைவுக் கட்டணமோ வாங்கலாம், அது பந்தயமாக இருக்கக் கூடாது என்கிறது. மாதக் கட்டணத்துக்குச் சட்டத்தில் பெயர் சொல்லி ஓர் இருக்கை.

அப்படியானால் இலவச ஆட்டத்துக்குள் விற்கும் ‘க்ரேட்’ என்ற பெட்டி எங்கே உட்காரும்? யூசி கொடுத்துப் பெட்டியைத் திறக்கிறோம். உள்ளே என்ன வரும் என்று தெரியாது. தங்கத் துப்பாக்கி வரலாம், உதவாத சட்டையும் வரலாம். மறுபடி திறக்கிறோம். ஜெயித்தால் காசு வருமா என்பதைத்தான் சட்டம் முக்கியமாகப் பார்க்கிறது. இங்கே ஜெயித்தால் சட்டைதான், ஆகவே சூதாட்டம் இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது. பெல்ஜியம் 2018லேயே காசுக்குத் திறக்கும் இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. பி.ஜி.எம்.ஐ.யின் தாய்வீடான கொரியாவே 2024 மார்ச் முதல், எந்தப் பொருள் விழ எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை வெளியே எழுதிவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. நம் சட்டம் ரம்மிக் கடையை இழுத்து மூடிவிட்டு, பக்கத்துப் பெட்டிக்கடையில் என்ன விற்கிறது என்று பார்க்காமல் வண்டி ஏறிவிட்டது.

இலவசத்தை ஒழிக்கச் சொல்லமாட்டேன். அந்த ஸ்குவாடைக் கலைக்க எனக்கு மனம் வராது. விலையை யூசி, டயமண்ட் என்ற ஆட்டக் காசுகளில் சொல்லாமல் ரூபாயில் சொல்லட்டும். மாதம் முடிந்ததும் சம்பளச் சீட்டு மாதிரி ஒரு சீட்டு தரட்டும்: இத்தனை மணி நேரம் ஆடினாய், இத்தனை நாள் வந்தாய், இத்தனை ரூபாய் கட்டினாய், இத்தனை பேருக்கு இலக்காக நின்றாய்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது முதல்முறையாக முகம் மாறியது. “காசு கணக்கு போடட்டும்ணே, பிரச்சினையே இல்ல. மணிக்கணக்கு வேணாம். அத எங்கம்மா பாத்தாங்கன்னா போன அம்மிக்கல்லுலயே வச்சுருவாங்க.”